‘வீட்டிலிருந்தே வெப்சைட் செய்கிறேன்’ என்கிற மகள்: சேலத்து அப்பா ஒருவருக்குப் பதில்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் பி.சி.ஏ. முடித்திருக்கிறாள். கேம்பஸில் பெங்களூரு கம்பெனி ஒன்றில் மாதம் 22,000 சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. ‘வேண்டாம்ப்பா, ஃப்ரீலான்ஸா வெப் டிசைன் பண்றேன்’ என்கிறாள். ஆறு மாதமாக லேப்டாப்பும் கையுமாகவே இருக்கிறாள். இதில் நிரந்தரம் உண்டா? நாளைக்கு வரன் பார்க்கும்போது என்னவென்று சொல்வது?

பதில்: ஐயா, இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. உங்கள் பட்டறைக்கு யாரும் மாதச் சம்பளம் தருவதில்லை. வியாபாரி வெள்ளி தருகிறார், எடை போட்டு வாங்குகிறீர்கள். கூலி பேசுகிறீர்கள், சேதாரம் எவ்வளவு என்பதும் முன்னாலேயே முடிவாகிவிடுகிறது. கொலுசு திரும்பிப் போகும்போது மறுபடி எடை. உங்கள் மகள் செய்ய நினைப்பதும் கூலி வேலைதான். ஆனால் அவளிடம் தராசு இல்லை. எவ்வளவு வேலை வாங்கினோம், எவ்வளவு கொடுத்தோம் என்பது எழுதி வைத்தால் மட்டுமே தெரியும். எழுதாதவர்கள்தான் இதில் முதலில் கவிழ்கிறார்கள்.

அதனால் ‘இது நிரந்தரமா’ என்று அவளைக் கேட்காதீர்கள். ‘ஒரு மணி நேரத்துக்கு உன் கூலி என்னம்மா?’ என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

கையில் மாதம் 30,000 நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்டர்நெட், கரன்ட், மென்பொருள் சந்தா, லேப்டாப் தேய்மானம் எல்லாம் சேர்த்து 6,000. மருத்துவக் காப்பீட்டுக்கும் வரிக்கும் ஒதுக்க 4,000. ஆக 40,000. மாதம் 25 நாள் உட்கார்ந்தாலும் காசு வருகிற மணி நேரம் தொடக்கத்தில் 80-ஐத் தாண்டுவது கஷ்டம். மீதி நேரம் ஆள் பிடிப்பது, கொட்டேஷன் அனுப்புவது, பாக்கி கேட்பது, புதிதாகப் படிப்பது என்று போய்விடும். 40,000-ஐ 80-ஆல் வகுத்தால் மணிக்கு 500 ரூபாய். புதிதாக வருகிறவர்கள் 160-ஆல் வகுத்து 250 என்று சொல்லிவிடுகிறார்கள். ராத்திரி ஒரு மணி வரை உழைத்தும் கையில் ஏன் எதுவும் நிற்கவில்லை என்று பிறகு விழிப்பது இதனால்தான்.

ஒரு வேலையைப் பிரித்துப் பார்க்கலாம். ஏற்காட்டில் ஐந்து அறைகள் உள்ள ஹோம்ஸ்டேவுக்கு ஆறு பக்க வெப்சைட். உரிமையாளரிடம் பேசி விவரம் வாங்க 5 மணி நேரம், பக்கங்களைக் கோட்டுப்படமாக வரைய 6, ஃபிக்மா என்ற வரைகலை மென்பொருளில் டிசைன் 16, தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்ட 24, படமும் எழுத்தும் சேர்க்க 10, பல போன்களில் சோதிக்க 5, ஒப்படைத்துச் சொல்லிக்கொடுக்க 4. மொத்தம் 70 மணி நேரம், 35,000 ரூபாய். ‘டவுன்ல பத்தாயிரத்துக்குப் பண்ணித் தர்றாங்களே’ என்பார் உரிமையாளர். அப்போது கூலியைக் குறைக்கக் கூடாது, வேலையைக் குறைக்க வேண்டும்: ஒரே பக்கம், எட்டுப் படம், ஒரு வாட்ஸ்அப் பொத்தான், 20 மணி நேரம், 10,000 ரூபாய். நாலு பட்டைக் கொலுசு கேட்டவரிடம் பணம் குறைவாக இருந்தால் மெல்லிய கொலுசைக் காட்டுவீர்களே தவிர, நாலு பட்டையை மெல்லிய கொலுசு விலைக்குத் தரமாட்டீர்கள்.

பணம் மூன்று தவணையாக வர வேண்டும். தொடங்கும் முன் 40 சதவீதம், டிசைனுக்குச் சம்மதம் சொன்னதும் 30, தளம் இணையத்தில் ஏறும் முன் மீதி 30. மேலே சொன்ன வேலைக்கு 14,000, 10,500, 10,500. கடைசித் தவணையை ‘ஏறின பிறகு தர்றேன்’ என்று ஒத்துக்கொண்டால் அது பெரும்பாலும் பாக்கியாகவே நிற்கும்.

வேலை இழுத்துக்கொண்டே போவதற்கு முக்கியக் காரணம், படமும் விவரமும் வராததுதான். ‘நாளைக்கு அனுப்பறேன்’ என்று சொல்லியே ஒரு சீசன் ஓடிவிடும். எனவே ஒப்பந்தத்தில் ஒரு வரி: விவரங்கள் 15 நாளில் வராவிட்டால் இரண்டாம் தவணை தர வேண்டும், வேலையும் வரிசையில் பின்னுக்குப் போகும். இன்னொரு வரி: திருத்தம் இரண்டு சுற்று இலவசம், மூன்றாம் சுற்றிலிருந்து மணிக்கு 500. உரிமையாளர் படித்துப் புரிந்து கையெழுத்துப் போட வேண்டும், ஆகவே ஒப்பந்தம் தமிழில் ஒரே பக்கம் போதும். டிசைனின் உரிமை யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதட்டும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் கொள்ளப்படும். அப்புறம் டொமைன் பெயர், அதாவது தளத்தின் இணைய முகவரி. அது வாடிக்கையாளரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய போன் எண்ணில் இருக்க வேண்டும். டிசைனர் பெயரில் வாங்கிவிட்டு, இரண்டு வருடம் கழித்துப் புதுப்பிக்க மறந்து, தளம் காணாமல் போய் வருகிற சண்டை இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கிறது.

அதே ஹோம்ஸ்டேயையே இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், உங்கள் மகளுக்கு வேலை உண்மையில் தெரியுமா என்பது இங்கேதான் தெரியும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறுகிற காரில், சிக்னல் வந்தும் வராமலும் இருக்கிற போனில் அந்தத் தளம் திறக்க வேண்டும். போனில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி. அப்படிப் பத்துப் படத்தை அப்படியே ஏற்றியிருந்தால் வெள்ளைத் திரைதான் தெரியும். ஒவ்வொன்றையும் வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவத்துக்கு மாற்றி 200 கேபிக்குள் கொண்டுவர வேண்டும். பக்கத்தின் பெரிய படமோ தலைப்போ 2.5 விநாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொன்னால் அது நசுக்கித் தரும். டாக்குமென்ட்டாகவோ டிரைவிலோ கேட்க வேண்டும். முதல் திரையிலேயே போன் நம்பர், வாடகை, மேப், அடிவாரம் வழியா குப்பனூர் வழியா எது பக்கம் என்பது இருக்க வேண்டும். ‘எங்களைப் பற்றி’ கீழே கிடக்கட்டும், அவசரமில்லை.

தமிழ் எழுத்து தனிப் பாடு. அச்சகத்திலிருந்து வரும் விவரம் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் இருக்கும். அப்படியே ஒட்டினால் கிறுக்கலாகத் தெரியும், எல்லா போனிலும் தெரிகிற யூனிகோடுக்கு மாற்றி ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்க வேண்டும். ஆங்கிலத்துக்கு வைக்கிற வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேலே ஏறும் சுழியும் கீழே இறங்கும் வாலும் ஒன்றோடொன்று மோதும், எழுத்து அளவைப்போல் 1.6 மடங்காவது விட வேண்டும். ‘புக்’ என்று பத்து மில்லிமீட்டரில் அடங்கிய பொத்தானில் ‘முன்பதிவு செய்ய’ அடங்காது. இதையெல்லாம் சரியாகச் செய்கிற டிசைனருக்கு சேலத்தில் வேலைக்குப் பஞ்சம் வராது, ஏனென்றால் ரெடிமேட் டெம்ப்ளேட்டுகளில் பெரும்பாலானவை தமிழை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல.

ஏஐ வந்துவிட்டதே என்பீர்கள். முதல் பக்கத்தின் வரைவை அது சில நிமிடத்தில் போட்டுவிடும், உண்மைதான். டெம்ப்ளேட்டில் பெயர் மாற்றித் தருவதை மட்டுமே தொழிலாக வைத்திருக்கிறவர்களுக்கு அது அடிதான். ஆனால் வெள்ளி விலை தினமும் மாறும், அதனால் கொலுசுத் தளத்தில் விலை போடக் கூடாது, மாடல் எண்ணும் கிராம் எடையும் போட்டு வாட்ஸ்அப்பில் கேட்க வைக்க வேண்டும் என்று கடைக்காரரிடம் பேசித் தெரிந்துகொள்வது ஆளின் வேலை. இளம்பிள்ளைச் சேலை வியாபாரிக்கு நிறம் பிசகாத படம்தான் உயிர், பிசகினால் சேலை திரும்பி வரும். ஜவ்வரிசி ஆலைக்கு அழகான பக்கத்தைவிட ரகம், ஈரப்பத அளவு, மூட்டை எடை அடங்கிய ஒரு பட்டியல் முக்கியம். இரண்டாம் வருடத்தில் இப்படி ஒரு துறையைப் பிடித்துக்கொண்டால் கூலி தானாக ஏறும், அந்தத் துறையின் கேள்விகள் அவளுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால்.

படிப்புக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். பக்கத்தைக் கட்டுகிற ஹெச்டிஎம்எல், அழகாக்குகிற சிஎஸ்எஸ் மூன்று மாதம், பக்கத்தை இயங்க வைக்கிற ஜாவாஸ்கிரிப்ட் அடிப்படை மூன்று மாதம், அதற்குப் பிறகுதான் வேர்ட்பிரஸ். ஃப்ரீகோட்கேம்ப், மொசில்லாவின் எம்டிஎன் என்ற பாடத் தளங்கள் இரண்டும் இலவசம். அதை முடிக்காமல் 50,000 கட்டி வகுப்புக்குப் போனால் அங்கேயும் முடிக்கமாட்டாள். லேப்டாப்பில் 16 ஜிபி ராம் இருக்கட்டும், சோதிக்க விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றும் வேண்டும். தளத்தில் கூடுதல் வசதி சேர்க்கிற பிளக்இன்னைத் திருட்டுத்தனமாக இறக்குவது வேண்டவே வேண்டாம். அதற்குள் ஒளிந்து வருகிற வைரஸ் வாடிக்கையாளரின் தளத்தைச் சூதாட்ட விளம்பரமாக்கிவிடும், பெயர் கெடுவது அவளுடையது.

நீங்கள் கேட்கும் ‘நிரந்தரம்’ பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறது. செய்து கொடுத்த தளத்துக்கு மாதம் 1,500 ரூபாய்: வாரம் ஒரு பேக்கப், அப்டேட், இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற சின்னத் திருத்தங்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் மாதம் 18,000, புது வேலை வந்தாலும் வராவிட்டாலும். ஒப்படைக்கும் அன்றே இதைப் பேசிவிட வேண்டும், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் ‘எதுக்குங்க?’ என்பார்கள். ஏற்காட்டுக்காரர்களுக்குக் கோடை விழா மே மாதம். தளம் பிப்ரவரியில் தயாராக இருக்க வேண்டுமானால் நவம்பரிலேயே போன் பண்ண வேண்டும்.

கூட்டு வேலை பற்றி. உங்கள் கொலுசே உருக்குகிறவர், கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று பல கை மாறித்தானே வருகிறது? இதுவும் அப்படித்தான். படம் எடுப்பவர், தமிழில் எழுதுபவர், பணம் கட்டும் வசதியை இணைக்கிற டெவலப்பர் என்று மூன்று பேரையாவது அவள் கைக்குள் வைத்திருக்க வேண்டும். அச்சகக்காரரும் ஆடிட்டரும் வேலை அனுப்புவார்கள், புதுக் கடை திறக்கிறவர் முதலில் போவது அவர்களிடம்தான். கூட்டாளிக்கு ‘லாபத்தில் பாதி’ என்று பேசக் கூடாது, இந்த வேலைக்கு இவ்வளவு என்று முடிவான தொகை. ஒப்படைத்த பிறகு ராத்திரி ஒன்பது மணிக்கு வருகிற போனை யார் எடுப்பது என்பதையும் பேசிவிட வேண்டும், கூட்டு முறிவது அதிகமும் அந்த போனால்தான். தோழியோடு சேர்ந்து உடனே பார்ட்னர்ஷிப் பதிவு செய்ய ஆசை வரும். இரண்டு டிசைனர் சேர்ந்தால் ஒரே திறமைதான் இரண்டு மடங்காகிறது. போதாக்குறைக்கு, 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி ஒரு பங்குதாரர் நிறுவனத்தின் பெயரில் வைத்த கடனுக்கு மற்றவரும் பொறுப்பு. முதல் இரண்டு வருடம் வேலைக்கு வேலை சேர்ந்து பிரியட்டும்.

கோவை, பெங்களூரு ஏஜென்சிகளுக்குப் பின்னால் இருந்து செய்து கொடுக்கும் வேலையும் வரும். நல்ல பயிற்சி அது. ஆனால் பணம் தாமதமாகும், அவள் பெயர் வெளியே வராது. ஆறு மாதம் கழித்துத் தன் மாதிரிப் பக்கத்தில் காட்டிக்கொள்ள முதலிலேயே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு இலவசம், அதை இந்த மாதமே செய்துவிடுங்கள். அந்தப் பதிவு உள்ள குறுந்தொழிலுக்கு, வேலை வாங்கிய நிறுவனம் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் வட்டி உண்டு என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். ரசீதின் அடியில் உத்யம் எண் இருந்தாலே பேச்சின் தொனி மாறும். ஃபைவர் போன்ற, ஃப்ரீலான்ஸ் வேலை பிடித்துத் தரும் தளங்களில் வெளிநாட்டு வேலை பிடித்தால் 100 டாலரில் 20 டாலர் தளத்துக்கே போய்விடும், அதைச் சேர்த்து விலை சொல்லட்டும். ஜிஎஸ்டி பதிவு, சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்போதுதான். ஆனால் வரவு செலவுக்கு இன்றே தனி வங்கிக் கணக்கு வேண்டும்.

மனநிறைவு என்பது வீட்டு ஆட்கள் கையிலும் இருக்கிறது. வீட்டில் இருக்கிறாள் என்பதால் கேஸ் சிலிண்டர் வாங்கி வைக்க, பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, விருந்தாளிக்குக் காபி போட அவளைத்தான் கூப்பிடுவீர்கள். மகன் என்றால் கூப்பிடமாட்டீர்கள், அது வேறு பேச்சு. காலை 10 முதல் 5 வரை அவள் பட்டறையில் இருக்கிறாள் என்று நினையுங்கள். அதே நேரம், தனியாகவே உட்கார்ந்திருப்பது இரண்டாம் வருடத்தில் வாட்டும். வாரம் ஒரு நாளாவது கடைகளுக்கு நேரில் போய் வாடிக்கையாளரைப் பார்க்க வேண்டும். தான் செய்த தளத்தைப் பார்த்து ஒருவர் போன் செய்வதைக் கண்ணால் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. ஒரே மாதிரி முகப்புப் பக்கங்கள் சலித்துவிடும், மாதம் இரண்டு நாள் யாரும் கேட்காத, தனக்குப் பிடித்த ஒன்றைச் செய்து பார்க்க ஒதுக்கட்டும்.

பெங்களூரு வேலை பற்றி நேராகவே சொல்கிறேன். அந்த வேலை இன்னும் கையில் இருந்தால் ஒரு வருடம் போய் வருவது நல்லது. கொட்டேஷன் எப்படி எழுதுகிறார்கள், கோபமான வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கலாம். போகவே மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள், 18 மாதம் கெடு வையுங்கள். ஆறாம் மாதம்: பணம் வாங்கிச் செய்த மூன்று தளங்கள் இணையத்தில் இருக்க வேண்டும், சொந்தக்காரர்களுக்கு இலவசமாகச் செய்தது கணக்கில் வராது. பன்னிரண்டாம் மாதம்: கடைசி நாலு மாதச் சராசரி 15,000, அதோடு ஐந்து பராமரிப்பு ஒப்பந்தம். பதினெட்டாம் மாதம்: சராசரி 25,000, ஆறு மாதச் செலவுக்கான சேமிப்பு. எட்டாவிட்டால் வேலை தேடட்டும், செய்த தளங்களே அவளுடைய பயோடேட்டா.

வரன் வீட்டாருக்கும் வங்கிக்கும் காட்ட வேண்டியது ஒன்றேதான்: வருமான வரிக் கணக்கு. வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் இல்லாவிட்டாலும் முதல் வருடத்திலிருந்தே தாக்கல் செய்யட்டும். வீட்டுக் கடனுக்குப் போனால் சுயதொழில் செய்கிறவர்களிடம் பொதுவாக இரண்டு மூன்று வருடக் கணக்கைத்தான் கேட்பார்கள். ‘பொண்ணு என்ன பண்றாங்க?’ என்று கேட்டால் ‘வீட்ல சும்மா கம்ப்யூட்டர் வேலை’ என்று சொல்லாதீர்கள். ‘வெப் டிசைன் தொழில் பண்றா, பதினாலு கடைக்குத் தளம் அவதான் பாத்துக்கறா’ என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். எண்ணிக்கை சேருகிற வரை, உங்கள் பட்டறைக் கொலுசுகளுக்கு ஒரு மாடல் பட்டியல் தளம் செய்து தரச் சொல்லுங்கள். முழுக் கூலி கொடுத்து, 40 சதவீதம் முன்பணத்தோடு.