ஃபார்முலா 1-இல் ஓட்டுநர் அணி மாறினால் கால்பந்து மாதிரி டிரான்ஸ்ஃபர் ஃபீ (புது அணி பழைய அணிக்குக் கட்டும் தொகை) உண்டா?

கிடையாது. இங்கே பணம் கைமாறினால், மிச்சமிருக்கும் ஒப்பந்தக் காலத்தை முறிப்பதற்குத்தான். ஒப்பந்தம் தானாக முடிந்தால் பழைய அணிக்குச் சல்லிக்காசு தேறாது.

அல்பீன் அணியின் ரிசர்வ் ஓட்டுநராக இருந்த பியாஸ்ட்ரியின் விவகாரத்தைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2022 ஜூலை 28 அன்று ஆஸ்டன் மார்ட்டின் ஓட்டுநர் வெட்டல் ஓய்வை அறிவித்தார். ஆகஸ்ட் 1: அந்த இடத்துக்கு அலோன்சோ. அல்பீனில் அவர் ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிவதால் இழப்பீட்டுப் பேச்சே இல்லை. மறுநாள் அல்பீன் 2023-க்கான ஓட்டுநராகப் பியாஸ்ட்ரியை அறிவிக்க, தான் கையெழுத்துப் போடவே இல்லை என்று அவர் மறுத்தார். இரண்டு அணிகள் ஒரே ஆளைக் கோரினால் தீர்ப்பது ஒப்பந்த அங்கீகார வாரியம்; 1991-இல் ஷூமாக்கர் ஜோர்டனிலிருந்து பெனட்டனுக்குத் தாவிய தகராறுக்குப் பின் வந்த அமைப்பு. பியாஸ்ட்ரி ஜூலை 4 அன்று மெக்லாரன் அணியோடு போட்ட ஒப்பந்தமே செல்லும் என்று செப்டம்பர் 2-இல் தீர்ப்பு. அல்பீனுக்கு ஆளும் போச்சு, வழக்குச் செலவும் தலையில் விழுந்தது.

மெக்லாரனுக்கும் செலவுதான். ஆனால் அது போனது ரிக்கியார்டோவுக்கு: 2023 வரை ஒப்பந்தம் இருந்த சொந்த ஓட்டுநர் விலகிக்கொள்ள. அல்பீன் பிறகு ரெட் புல் ஒப்பந்தத்தில் இருந்த காஸ்லியைக் கேட்டபோது, மாற்று ஆள் கிடைத்தால்தான் விடுவோம் என்றது ரெட் புல். அவர்கள் விரும்பிய அமெரிக்க ஓட்டுநர் ஹெர்ட்டாவுக்கு, ஃபார்முலா 1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்கான 40 புள்ளிகள் இல்லை. மாற்று ஆளாக டி வ்ரீஸ் அமைந்த பிறகே காஸ்லி நகர முடிந்தது.

விலை எப்போதும் ரொக்கமாக இருக்காது. 2017-இல் ரெட் புல்லின் இளைய அணியான டோரோ ரோஸோ, ரெனோ எஞ்சின் ஒப்பந்தத்தை முன்கூட்டியே முறித்து ஹோண்டாவுக்குப் போனது; பதிலுக்கு அதன் ஓட்டுநர் சைன்ஸ் ரெனோ அணிக்கு இரவலாகப் போனார். சில நேரம் செலவே இல்லாமல் ஒப்பந்த ஷரத்தே கதவைத் திறந்துவிடும்: மெர்சிடிஸோடு 2025 வரை கையெழுத்திட்டிருந்த ஹாமில்டன், விலகும் ஷரத்தைப் பயன்படுத்தி 2024-ஓடு ஃபெராரிக்குக் கிளம்பினார்.

'அதுவும் டிரான்ஸ்ஃபர் ஃபீதானே' என்று சண்டைக்கு வருவோருக்கு: வில்லியம்ஸ் அணியோடு போட்ட ஒப்பந்தத்திலிருந்து விடுபட 2005-இல் பணம் கட்டியவர் ஓட்டுநர் பட்டனேதான், அவர் அப்போது ஓட்டிய பி.ஏ.ஆர். அணி அல்ல.

பணம் கொண்டுவந்து சீட் பிடிப்பது வேறு கணக்கு. அதைச் சொல்லித்தான் நம் நரேன் கார்த்திகேயனை இன்றும் கேலி செய்கிறார்கள். 2005-இல் அவருக்கு டாட்டா ஆதரவு இருந்தது உண்மை. பிரிட்டிஷ் ஃபார்முலா 3-இல் பந்தயம் வென்றவர் என்பதும் உண்மை. மூன்று முறை உலக சாம்பியனான லவுடாவும் வங்கிக் கடன் வாங்கித்தான் மார்ச் அணியில் இடம் பிடித்தார். அவரை யாரும் காசு கொடுத்து சீட் பிடித்தவர் என்று கேலி செய்வதில்லை.