நடுத்தர நகரத்துக்கு ஐகியா போன்ற பெரிய ஃபர்னிச்சர் கடை வருமா?

வரலாம். ஆனால் நகர எல்லைக்குள் எத்தனை பேர் என்பது மட்டும் இதைத் தீர்மானிக்காது. ஒரு மணி நேரக் கார் தூரத்துக்குள் எத்தனை குடும்பங்கள், வருமானம் எப்படி, புது வீடுகள் எழும்புகின்றனவா என்றுதான் பார்ப்பார்கள். சோபாவை யாரும் மாதாமாதம் வாங்குவதில்லை; அதனால் சுற்றுவட்டாரம் பெரிதாக இருக்க வேண்டும். ஐகியாவின் முதல் கடையே 1958இல் ஸ்வீடனில் எல்ம்ஹுல்ட் என்ற சிற்றூரில்தான் திறந்தது.

பெரும்பாலும் காரியம் கெடுவது நிலத்தில். முழு அளவுக் கடை 25,000 சதுர மீட்டரைத் தாண்டுவது சாதாரணம். கார் நிறுத்தம், லாரி திரும்பும் இடம் எல்லாம் சேர்த்து, நெடுஞ்சாலைச் சந்திப்பை ஒட்டி ஒரே துண்டாக நிலம் வேண்டும். அது பத்துப் பேர் பெயரில் சிதறிக் கிடந்தாலோ, வணிகப் பயன்பாட்டு அனுமதி இழுத்தாலோ பேச்சு அங்கேயே நின்றுவிடும். வரிச்சலுகையைவிட, வில்லங்கமில்லாத நிலமும் சாலை இணைப்பும்தான் அதிகம் ஈர்க்கும் என்பது என் கணிப்பு.

பக்கத்துப் பெருநகரத்தில் ஏற்கெனவே கிளை இருந்தால் வாய்ப்பு குறைவு. புதுக் கடை பழையதன் விற்பனையைத் தின்றுவிடும். அப்போது சமையலறை வடிவமைப்பு ஸ்டுடியோ, ஆர்டர் பெறும் மையம் போன்ற சிறு வடிவங்களைக் கேட்பதே நடக்கக்கூடியது.