வால்வு ரேடியோ: வால்வுகளை மாற்றும் முன் கண்டன்சர்களைப் பாருங்கள்

கேள்வி: தாத்தா காலத்து வால்வு ரேடியோ ஒன்று பல வருடங்களாகப் பரணில் கிடந்தது. மரப்பெட்டி கெடவில்லை. கடைசியாக எப்போது பாடியது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவர், ஐந்து வால்வுகளையும் மாற்றினால்தான் ஓடும் என்கிறார். வால்வுகளின் மேல் இசிஎச் 81, இஎஃப் 89, இபிசி 81, இஎல் 84, இஇசட் 80 என்று இருக்கிறது. எனக்குச் சாலிடரிங் ஓரளவு வரும்; மல்டிமீட்டர் இருக்கிறது. நானே சரிசெய்யலாமா? முதலில் ஒருமுறை பிளக்கில் சொருகிப் பார்க்கலாமா?

பதில்: சொருகிப் பார்க்க வேண்டாம். பல ஆண்டுகள் சும்மா கிடந்த செட்டுக்கு நேரடியாக 230 வோல்ட் கொடுத்தால், அதுவரை நன்றாக இருந்த பவர் டிரான்ஸ்ஃபார்மரோ அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரோ சில நிமிடங்களில் கருகிப்போக வாய்ப்புண்டு. மற்ற எந்தப் பாகத்துக்கும் இன்று மாற்று கிடைத்துவிடும். இவ்விரண்டையும் ஆள் தேடித் திரும்பச் சுற்றத்தான் வேண்டியிருக்கும்.

வால்வுகளையும் இப்போது வாங்க வேண்டாம். இத்தகைய செட்டில் பெரும்பாலும் கடைசியாகக் கெடுவது வால்வுதான். முதலில் கெடுவது கண்டன்சர், அதாவது மின்தேக்கி. வால்வைச் சோதிப்பது எளிது. நீங்கள் குறிப்பிட்டுள்ள ஐந்துமே ஒன்பது கால் வால்வுகள். ஐந்திலும் ஹீட்டர், அதாவது வால்வைச் சூடாக்கும் இழை, 4, 5 ஆகிய கால்களில் இருக்கிறது. வால்வைக் கவிழ்த்துப் பிடித்து, கால்களுக்கிடையே தெரியும் அகன்ற இடைவெளியிலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ணி, அவ்விரு கால்களுக்கிடையே மீட்டரை வைத்தால் ஒருசில ஓம் காட்ட வேண்டும். கண்ணாடியின் உச்சியில் வெள்ளி பூசியதுபோல இருக்கும் பகுதி வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு தேறாது. இவ்விரண்டிலும் தப்பிய வால்வு முழுப் பலத்தோடு இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனாலும் மற்ற வேலைகளை முடிக்கும்வரை அதைக் குறைசொல்லவும் முடியாது.

உங்கள் வால்வுகளின் பெயர்கள் எல்லாம் ‘இ’ என்ற எழுத்தில் தொடங்குவது நல்ல செய்தி. அவை 6.3 வோல்ட் ஹீட்டர் கொண்டவை. செட்டில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். சேசிஸ், அதாவது பாகங்களைப் பொருத்திய உலோகச் சட்டம், வீட்டு மின்கம்பியோடு நேராக இணைந்திருக்காது. இதைப் படிக்கும் வேறு எவரிடமாவது யுசிஎச் 81, யுஎல் 84 என்று ‘யு’வில் தொடங்கும் வால்வுகள் உள்ள ஏசி–டிசி செட் இருந்தால், அதன் சேசிஸே மின்சாரத்தோடு இணைந்திருக்கலாம் என்பதையும், வீட்டு மின்கம்பியிலிருந்து செட்டைப் பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைத் திறந்துவைத்து வேலை செய்யக் கூடாது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். உங்கள் செட்டிலும் 250 முதல் 300 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் ஓடும் என்பதால், அணைத்த பிறகும் மெயின் கண்டன்சரில் (அலுமினியக் குவளை போல நிற்பது) தங்கியிருக்கும் மின்சாரத்தை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் ‘டப்’ என்று ஷார்ட் செய்யும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அதைப் பின்பற்றாதீர்கள்.

சேசிஸை வெளியே எடுத்ததும் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் உறை போட்ட பழைய வயர் தொட்டாலே உதிரும். அதையும் மெயின் வயரையும் தயங்காமல் மாற்றி, மூன்று பின் பிளக் போட்டு சேசிஸுக்கு எர்த் கொடுத்துவிடுங்கள். மெயின் வயர் நுழையும் இடத்தில் பழைய கண்டன்சர் ஏதும் இருந்தால், இரு கம்பிகளுக்கிடையே இருப்பதற்கு எக்ஸ்2 வகையும், கம்பியிலிருந்து சேசிஸுக்குப் போவதற்கு ஒய்2 வகையும் மட்டுமே போட வேண்டும். பின்புறத்து வோல்டேஜ் தட்டில் 220, 245 என இரண்டும் இருந்தால் 245இல் வையுங்கள். நம் ஊர் மின்சாரம் இரவில் 240ஐத் தாண்டுவது சாதாரணம். பிறகு ஸ்பீக்கரை ஓட்டும் வால்வான இஎல் 84இன் சாக்கெட்டில் 7ஆம் காலுக்கும் ஹெச்டி கம்பிக்கும் (மேலே சொன்ன 250–300 வோல்ட் வரும் கம்பி) இடையே அளந்து பாருங்கள். சில நூறு ஓம் காட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்று அறுந்துபோகவில்லை.

இனி முதல் மின்சாரம். 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்த சீரிஸ் போர்டு செய்துகொள்ளுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஏசியை டிசியாக மாற்றும் வால்வான இஇசட் 80ஐக் கழற்றி வைத்துவிட்டு இதன் வழியாக மின்சாரம் கொடுத்தால் ஹெச்டி உருவாகாது, ஹீட்டர்கள் மட்டும் எரியும். பல்பு மங்கலாக நின்றால் நல்லது. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள். உடனே அணைக்க வேண்டும். அரைமணி நேரம் விட்டு, அணைத்து, பிளக்கை உருவிய பிறகு பவர் டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடும் வார்னிஷ் வாடையும் சரியல்ல. இந்தப் பல்பு செட்டைக் காப்பாற்றுமே தவிர உங்களைக் காப்பாற்றாது, ஷாக் அடிப்பதை அது தடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து மெயின் கண்டன்சர், அதாவது அலுமினியக் குவளை போல நிற்கும் எலெக்ட்ரோலிட்டிக். மின்சாரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பழையதை உயிர்ப்பிக்கும் முறை ஒன்று உண்டு. அதற்குப் பொறுமையும் அளவுக் கருவியும் வேண்டும், பலனும் நிச்சயமில்லை. புதியதைப் போடுவதே மேல். தோற்றம் கெடக் கூடாது என்றால் பழைய குவளையை இடத்திலேயே விட்டு, அதன் இணைப்புகளை மட்டும் பிரித்து, புதியவற்றைச் சேசிஸின் அடியில் பொருத்தலாம். இணைப்பைப் பிரிக்காமல் புதியதைப் பக்கத்தில் சேர்ப்பது பயனற்றது. 50 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தால் 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் போதும். இப்போதெல்லாம் 220 மைக்ரோஃபாரட் கூடச் சிறியதாகக் கிடைக்கிறதே, பெரிதாகப் போட்டால் இரைச்சல் குறையுமே என்று சிலர் நினைப்பதுண்டு. இஇசட் 80க்கு அடுத்து வரும் முதல் கண்டன்சர் 50 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் போகக் கூடாது. போனால் அது ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும் உச்சமின்னோட்டம் அந்த வால்வின் ஆயுளைத் தின்றுவிடும்.

இப்போது செட்டிலேயே முக்கியமான பாகத்துக்கு வருகிறேன். இபிசி 81இன் ஆனோடிலிருந்து (மின்னோட்டத்தை வாங்கும் தகடு) இஎல் 84இன் 2ஆம் காலுக்கு, அதாவது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்கு, ஒலியைக் கொண்டுபோகும் சின்னக் கண்டன்சர் ஒன்று இருக்கும். மதிப்பு பெரும்பாலும் 0.01 அல்லது 0.02 மைக்ரோஃபாரட், மெழுகுக் காகிதத்தில் சுற்றியது. ஒலியை மட்டும் விட்டு, நேர்மின்னழுத்தத்தைத் தடுப்பது அதன் வேலை. காகிதம் ஈரம் உறிஞ்சியதும் அது கசியத் தொடங்கும். சராசரி மீட்டரில் ஓம் அளந்தால் கசிவு தெரியாது. ஏனென்றால் மீட்டர் தருவது சில வோல்ட், செட்டில் அதன்மேல் விழுவதோ 90 வோல்ட் அளவில். கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். கசிவு 20 மெகா ஓம் என்று வையுங்கள். கேட்பதற்கு நல்ல கண்டன்சர் போலத்தான் இருக்கிறது. கிரிட்டிலிருந்து சேசிஸுக்குப் போகும் ரெசிஸ்டர் 680 கிலோ ஓம் என்றால், 90 வோல்ட்டில் ஏறக்குறைய 3 வோல்ட் கிரிட்டில் வந்து நிற்கும். கிரிட், எலெக்ட்ரான்களை வெளியிடும் கேத்தோடைவிட 7 வோல்ட் அளவுக்குத் தாழ்ந்திருப்பதால்தான் இஎல் 84 தன் மின்னோட்டத்தை அடக்கி வைத்திருக்கிறது. அந்த அடக்கம் தளர்ந்தால் ஆனோடு தகடு சிவக்கும். கூடவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் பவர் டிரான்ஸ்ஃபார்மரும் சூடேறும். வால்வு போய்விட்டது என்று புது இஎல் 84 போட்டால் அதுவும் அதே வழியில் போகும். உங்கள் மெக்கானிக்கின் யோசனையை நான் ஏற்காததற்கு முதன்மையான காரணம் இதுதான்.

ஆகவே இந்தக் கண்டன்சரைச் சோதிக்காமலே மாற்றிவிடுங்கள். 0.01 அல்லது 0.022 மைக்ரோஃபாரட், 630 வோல்ட், பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் ஃபிலிம் வகை. சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்களில் கிடைக்கும். மற்ற மெழுகுக் காகிதக் கண்டன்சர்களுக்கும் இதே வகையைப் போடலாம், 0.05க்கு 0.047 சரியாக இருக்கும். ஒன்றைக் கழற்றி அதன் இடத்தில் புதியதைப் பற்றவைத்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். மைக்கா, செராமிக் கண்டன்சர்களைத் தொட வேண்டாம். அவை அரிதாகத்தான் கெடும், ட்யூனிங் பகுதியில் அவற்றை மாற்றினால் ஸ்டேஷன் இடம் மாறிவிடும். ரெசிஸ்டர்களில் கார்பன் வகை வயதாக ஆகத் தன் மதிப்பில் ஏறும். மின்சாரம் இல்லாதபோது, கழற்றாமலே அளக்கலாம்: அருகிலுள்ள பாகங்களால் அளவு குறைவாகக் காட்டலாம், கூடுதலாகக் காட்டாது. எனவே எழுதியுள்ளதைவிட 20 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டுவதை மாற்றிவிடலாம்.

பிறகு இஇசட் 80ஐச் செருகி, அதே சீரிஸ் போர்டில் ஓட்டுங்கள்; எல்லாம் அமைதியாக இருந்தால் நேரடியாகக் கொடுங்கள். மீட்டரின் கறுப்பு முனையைச் சேசிஸில் கவ்வவிட்டு, ஒரு கையால் மட்டும் அளவெடுங்கள். இஎல் 84இன் 3ஆம் காலில், அதாவது கேத்தோடில், 7 வோல்ட் அளவிலும், 2ஆம் காலில் பூஜ்யமும் இருக்க வேண்டும். 2ஆம் காலில் அரை வோல்ட் நேர்மின்னழுத்தம் தெரிந்தாலும் விடக் கூடாது. கண்டன்சர் புதியது என்பதால் இப்போது சந்தேகம் அந்த வால்வின் மேல். வால்யூமை முழுக்கக் குறைத்த பிறகும் ‘ஊம்’ என்ற முரல் நிற்கவில்லை என்றால், மெயின் கண்டன்சர்களின் எர்த் இணைப்பை மறுபடி பாருங்கள்.

ஐஎஃப் டிரான்ஸ்ஃபார்மர்களின் (நிலையத்தைப் பிரித்தெடுக்க உதவும் சிறு சுருள் பெட்டிகள்) மேல் தெரியும் திருகுகளை மட்டும் திருப்பிப் பார்க்காதீர்கள். தானாக இடம் மாறாத அவற்றைத் திருகிக் கெடுத்துவிட்டால், சோதனைக்கான அலைகளை உருவாக்கும் சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் மீட்க முடியாது. நிலையம் மெல்லக் கேட்டால் முதலில் ஏரியல் சாக்கெட்டில் பத்து மீட்டர் வயர் ஒன்றைக் கட்டி, அறையிலுள்ள எல்இடி பல்புகளையும் மொபைல் சார்ஜர்களையும் அணைத்துப் பாருங்கள். மீடியம் வேவில் கரகர ஒலி எழுப்புபவை இன்று இவைதான். பழைய டயல் மீட்டர் கணக்கில் இருக்கலாம்: 3,00,000ஐக் கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் வரும். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் ஏறக்குறைய 417 மீட்டரிலும், திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ் 320 மீட்டர் அருகிலும் தேடினால் கிடைக்க வேண்டும். டயலில் விரற்கடை அளவு தள்ளிக் கிடைத்தால் அப்படியே விட்டுவிடுங்கள். அதற்கும் அதிகமாகத் தள்ளியிருந்தால் மட்டும், கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் அலைன்மென்ட், அதாவது ட்யூனிங்கைச் சரிப்படுத்தும் வேலைக்குக் கொடுங்கள்.