வயலுக்கு மேல் மின்பாதை: கையெழுத்திடும் முன்

"நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், கம்பி மட்டும் மேலே போகும் என்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

மின்பாதை போட வருபவர்கள் சொல்வது பொய்யில்லை, பாதி உண்மை. அவர்கள் வாங்குவது நிலத்தை அல்ல, வழியுரிமையை, அதாவது உங்கள் நிலத்தின் வழியே கம்பியைக் கொண்டுபோகும் உரிமையை. உயரழுத்த மின்பாதையின் கீழே குறிப்பிட்ட அகலத்துக்கு வீடு கட்டவோ உயரமான மரம் வளர்க்கவோ முடியாது. பழுதுபார்க்க ஆட்கள் உள்ளே வருவார்கள். நாளை விற்றால் இந்தக் கட்டுப்பாடும் நிலத்தோடு கூடவே போகும். வாங்குபவர் விலையைக் குறைக்காமல் விடுவாரா? ஆகவே கோபுரத்தின் கால் ஊன்றும் இடத்துக்கு மட்டும் கணக்குப் போட்ட தொகையை ஏற்காதீர்கள். பாதை முழுவதற்கும் மதிப்பிழப்பைக் கேளுங்கள்.

அதற்கும் முன்னால் அளவை வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். கோபுரம் வயலின் நடுவிலா, வரப்போரத்திலா? காகிதத்தில் நகர்த்துவது எளிது, கான்கிரீட் இட்டபின் யாரும் நகர்த்த மாட்டார்கள்.

குத்தகைக்கு உழுபவர் இருந்தால் அவரையும் சேர்த்துப் பேசுங்கள். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகத்தின் (IFC) கடனில் நடக்கும் திட்டமானால், நிலம் எடுப்பது பற்றிய அதன் 2012 ஆம் ஆண்டு ஐந்தாம் செயல்திறன் நெறி கட்டாயமாகப் பெறும் வழியுரிமையையும் உள்ளடக்குகிறது. பத்திரம் இல்லாதவரின் பயிருக்கும் இழப்பீடு கோருகிறது. கடன் கொடுப்பது யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறக்கூடும்.