அந்த இருமலை ஏன் வெட்டினீர்கள்?

கேள்வி:

ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் கணவர், ஒன்பது வயது மகன், மாமியாரோடு வசிக்கிறேன். ஓராண்டுக்கும் மேலாக லிப்ரிவாக்ஸ் என்ற தன்னார்வ அமைப்புக்காகப் பழைய இலக்கியங்களை வாசித்துப் பதிவு செய்கிறேன். உலகில் யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கலாம். நாடகத்திலும் காப்பியத்திலும் ஒருவரே நின்று பேசும் தனிமொழிகள் என்றால் எனக்கு உயிர். பள்ளி நாடகங்களில் நடித்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு மேடை ஏறவே இல்லை.

இரவு பத்து மணிக்கு மகன் பாட்டியோடு தூங்கியதும் ஜன்னல்களை மூடி, விசிறியை அணைத்துவிட்டு, துணி அலமாரிக்குள் மைக்கை வைத்துப் பேசுவேன். கணவருக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வீட்டில் இருக்கும் நாட்களில், "காசு வராத வேலைக்கு இவ்வளவு கூத்தா? அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்?" என்கிறார். சமீபத்தில் கண்ணகி வழக்குரைக்கும் பகுதியைப் பதிவு செய்தேன். வழக்கமான தொல்லைகள்தான்: மோட்டார் சைக்கிள், மேல்வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம், தீபாவளியிலிருந்து மாமியாருக்கு இருக்கும் இருமல். பதிவைச் சரிபார்ப்பவர் நான்கு இடங்களில் பின்னணியில் இருமல் கேட்கிறது என்று நேரம் குறித்து அனுப்பினார். வெட்டிச் சரிசெய்தேன். இப்போதெல்லாம் திரையில் அலையைப் பார்த்தாலே இது மாமியாரின் இருமல் என்று தெரிந்துவிடுகிறது. இவ்வளவு பாடுபட்டும் வீட்டில் மதிப்பில்லை. கணவருக்கு எப்படிப் புரியவைப்பது? அல்லது விட்டுவிடவா?

— பெயர் வேண்டாம், பினாங்கு

பதில்:

சகோதரி, கலை பெரியது, கணவர் புரிந்துகொள்ளத்தான் வேண்டும், மனம் தளராதீர்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். வீட்டில் மதிப்பில்லை என்று வரும் கடிதங்களை வருடக்கணக்காகப் படித்து வருகிறேன். பாட்டு, தையல், கவிதை, நடனம் என்று விஷயம்தான் மாறும், கேள்வி ஒன்றுதான். அதற்குப் பிறகு வருகிறேன். மோட்டார் சைக்கிளுக்கும் நாற்காலிக்கும் அடுத்து, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒன்று இருக்கிறது. அதை முதலில் பேச வேண்டும்.

தீபாவளியிலிருந்து மாமியாருக்கு இருமல். தீபாவளி முடிந்து பொங்கல் வந்தது, தைப்பூசம் வந்தது, சீனப் புத்தாண்டும் போய்விட்டது. இத்தனை மாதமாக ஒரு வயதான பெண் இருமிக்கொண்டிருக்கிறார். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துப் பார்த்தேன். "கிளினிக்" என்ற சொல் அதில் எங்கும் இல்லை. மருந்து வாங்கினோம் என்றுகூட இல்லை. அந்த இருமலை எப்படி வெட்டி எடுத்தீர்கள் என்பது மட்டும் விவரமாக இருக்கிறது.

அலையைப் பார்த்தே அடையாளம் காணும் அளவுக்கு அந்தச் சத்தத்தை நீங்கள் அறிந்திருக்கிறீர்கள். ஒரு மருத்துவருக்குக்கூட அவ்வளவு பழக்கம் இருக்காது. முன்பின் பார்த்திராத யாரோ ஒருவர், எந்த நாட்டிலோ உட்கார்ந்து காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டு, இன்ன நிமிடம் இன்ன வினாடியில் யாரோ இருமுகிறார் என்று குறித்து அனுப்பியிருக்கிறார். அவருடைய வேலை அவ்வளவுதான், அதை ஒழுங்காகச் செய்திருக்கிறார். ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் நீங்களும் உங்கள் கணவரும் என்ன செய்தீர்கள்?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் பதிவு செய்கிறீர்கள் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். மருமகள் வேலை கெட்டுவிடக்கூடாது என்று தலையணையில் வாயைப் புதைத்து அடக்கியிருப்பார். நம் வீட்டுக் கிழவிகள் அப்படித்தான். பதிவில் நான்கு இருமல் விழுந்தது என்றால், விழாமல் அடக்கியது எத்தனை? அப்புறம், அணைத்தது எந்த விசிறி? உங்கள் அறை விசிறி மட்டும்தானா, அவர் படுத்திருக்கும் அறையுடையதுமா? பினாங்கு வெயிலில் பகல் முழுக்கக் காய்ந்த வீட்டில், ஜன்னல்களையும் மூடிவிட்டு, கொசுவர்த்திச் சுருள் வேறு ஏற்றி வைக்கிறீர்களா? அந்தப் புகை எங்கே போகும்? நல்ல நுரையீரல் உள்ளவருக்கே இருமல் வரும்.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் அரசாங்க கிளினிக் சுவரில் ஒட்டியிருப்பதை எல்லாரும் படிக்கலாம்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் வந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள். காசநோயைக் கண்டுபிடிக்கத்தான் அந்த இரண்டு வாரக் கணக்கு. உங்கள் மாமியாருக்குக் காசநோய் என்று நான் சொல்லவில்லை. அது இல்லை என்று யாரும் பார்க்கவில்லை என்கிறேன். மலேசியாவை விட்டு அந்த நோய் போய்விடவில்லை. மூடிய அறைக் காற்றில்தான் அது சுலபமாகப் பரவும். உங்கள் மகன் தூங்குவது யார் பக்கத்தில்? நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சளியைப் பரிசோதித்து, நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியே இருந்தாலும் பொதுவாக ஆறு மாத மருந்தில் குணமாகக்கூடிய நோய்தான். ஆனால் கண்டுபிடித்தால்தானே மருந்து?

ஒன்றுமில்லாத காரணமாகவும் இருக்கலாம். அவர் வயதில் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடாதவர்கள் குறைவு. பெரிண்டோபிரில், எனலாபிரில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். மாத்திரையை மாற்றிக் கொடுத்தால் சில வாரங்களில் நின்றுவிடும். இதை இந்தப் பக்கத்தில் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாற்ற வேண்டியவர் மருத்துவர். படுத்தால் மட்டும் இருமல் என்றால் வயிற்றுப் புளிப்பு மேலே ஏறுவதாகவும் இருக்கலாம், இதயம் களைத்திருப்பதாகவும் இருக்கலாம். இந்தத் தைப்பூசத்துக்கு அவர் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறினாரா? ஏறவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். முட்டி வலி என்று சொல்வார். மூச்சு வாங்கியதா என்று திரும்பக் கேளுங்கள்.

இனி கண்ணகியிடம் வருவோம். வழக்குரை காதையைத் தேர்ந்தெடுத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. "தேரா மன்னா" என்று அவள் தொடங்கும் இடத்தை நடிப்பாகப் பேச எவ்வளவு தெம்பு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பாண்டியன் கெட்ட அரசன் இல்லை. பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டான், விசாரிக்காமல் ஆணையிட்டான். குற்றம் அதுதான். பக்கத்தில் இருப்பதை விசாரிக்காமல் விட்ட குற்றம். அந்தக் குற்றச்சாட்டைத் துணி அலமாரியைப் பார்த்துத் தொண்டை கிழியப் பேசிவிட்டு, நடுவில் விழுந்த இருமலை வெட்டித் தூக்கி எறிந்திருக்கிறீர்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று வருத்தப்படாதீர்கள். வருத்தப்பட்டாலும் பரவாயில்லை, முதலில் கிளினிக்குக்குப் போங்கள்.

உங்கள் கணவரை நான் விட்டுவிடவில்லை. அவரைப் பெற்றவர் அந்த அம்மா. இருமலை முதலில் கேட்டிருக்க வேண்டியது அவர் காது. ஷிப்ட் வேலை, அலுப்பு என்பதெல்லாம் எனக்கும் புரியும். ஆனால் மனைவி அலமாரிக்குள் பேசுவது அக்கம்பக்கத்துக்குக் கேட்குமே என்று கவலைப்பட நேரம் இருந்தவருக்கு, தாயின் இருமல் காதில் விழவில்லை என்றால் என்ன சொல்வது? பெற்றவளை மருத்துவரிடம் கூட்டிப்போவது மகன் கடமை. மருமகள் செய்தால் அது அவளுடைய நல்ல மனசு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் கடிதம் எழுதியது நீங்கள், அதனால் உங்களிடம்தான் முதலில் கேட்க முடியும்.

காசு வராத வேலை என்று அவர் சொன்னதைப் பற்றியும் சொல்கிறேன். அவர் சொன்னது தவறு. அந்த வீட்டில் காசு வராத வேலையை அதிகம் செய்பவர் அவருடைய அம்மா. தினமும் இரவு பேரனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கவைக்கிறாரே, அந்த ஒரு மணி நேரம்தான் உங்கள் ஒலிப்பதிவுக் கூடம். அவர் தராவிட்டால் உங்களுக்கு அலமாரியும் இல்லை, கண்ணகியும் இல்லை. உலகத்துக்கு இலவசமாகக் கொடுக்கிறேன் என்று நீங்கள் பெருமைப்படலாம், அதில் தப்பில்லை. அதற்கு முன்னால் உங்களுக்கு ஒருவர் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

சரி, விட்டுவிடவா என்ற கேள்வி. கூடவே கூடாது. அந்த அமைப்பை நான் நன்றாக அறிவேன், மதிக்கிறேன். 2005-இல் கனடாவின் மொன்ட்ரியாலில் ஹியூ மெக்குவையர் தொடங்கியது. குரல் எப்படி என்று யாரும் தேர்வு வைப்பதில்லை. ஒரு நிமிடச் சோதனைப் பதிவு கேட்பார்கள், அதுவும் மைக்கும் ஒலி அளவும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். படித்து முடித்த பதிவின் உரிமை முழுவதையும் வாசிப்பவர் பொதுவுக்கு விட்டுவிடுகிறார். நாளைக்கு யாராவது அதை விற்றுக் காசு பார்த்தால்கூட ஒன்றும் கேட்க முடியாது. அது தெரிந்துதான் ஆயிரக்கணக்கானோர் வாசிக்கிறார்கள். பார்வை மங்கியவர்கள், லாரி ஓட்டுபவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், இரவில் தூக்கம் வராதவர்கள் கேட்கிறார்கள். தனிமொழிக்கு அங்கே தனிச் சுகம் உண்டு. நாவல் வாசிப்பவர் கதையைச் சொல்லிக்கொண்டு போகலாம். தனிமொழி வாசிப்பவர் அந்த ஆளாகவே மாற வேண்டும். முகம் இல்லை, கை இல்லை, விளக்கு இல்லை, பின்னணி இசையும் சேர்க்கக்கூடாது. மூச்சு ஒன்றுதான் கையிலிருக்கும் கருவி. மேடையை இழந்த ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்று எனக்குப் புரிகிறது. தமிழுக்கு அங்கே இன்னும் நிறையக் குரல்கள் வேண்டும்.

வாசிக்கும் பதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. காப்பியம் பழையதுதானே என்று கையில் கிடைத்த உரைநூலை எடுத்து வாசிக்காதீர்கள். மூலம் எவ்வளவு பழையதானாலும் உரையும் முன்னுரையும் எழுதியவருடைய சொத்து. லிப்ரிவாக்ஸ் பார்ப்பது அமெரிக்கச் சட்டத்தை, வெளியாகி 95 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தது 1892-இல். அந்தப் பதிப்பை எடுத்தால் கவலையில்லை. நம் நாட்டுச் சட்டத்தில் ஆசிரியர் இறந்து 50 ஆண்டு கணக்கு. இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. திங்கட்கிழமை காலை மாமியாரை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆகாது, அதனால் காசு என்ற பேச்சு வேண்டாம். அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பையோடு எடுத்துக்கொள்ளுங்கள். இருமலில் சளி வருகிறதா, இரத்தம் கலந்திருக்கிறதா, உடம்பு இளைத்திருக்கிறாரா, இரவில் வியர்க்கிறதா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு மருத்துவரிடம் பாதியை மறைப்பார்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அது உங்களால் மட்டும்தான் முடியும். வெட்டுவதற்கு முந்திய மூலப் பதிவுகள் கணினியில் இருக்கும், அழித்திருக்க மாட்டீர்கள். தேதியோடு இருக்கும். தீபாவளிக்குப் பிறகு முதலில் விழுந்த இருமலையும், பொங்கல் சமயத்தில் ஒன்றையும், போன வாரத்து ஒன்றையும் எடுத்து வரிசையாகப் போட்டுக் கைபேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். வறட்டு இருமலா, சளி இருமலா, நாளாக ஆக மோசமாகிறதா என்பதை மருத்துவர் கேட்டே ஓரளவு சொல்லிவிடுவார். ஐந்து நிமிடப் பரிசோதனையில் அந்த அம்மா ஒரு தடவைகூட இருமாமல் உட்கார்ந்திருப்பார், பாருங்கள். உங்கள் பதிவு அப்போது கை கொடுக்கும்.

முடிவு தெரியும்வரை மகனை உங்கள் அறையில் படுக்கப் போடுங்கள். பாட்டிக்கு மனசு நோகாமல் காரணத்தை நேராகச் சொல்லிவிடுங்கள், மறைத்து நாடகம் ஆடாதீர்கள். அவர் அறை ஜன்னல் திறந்தே இருக்கட்டும், விசிறி ஓடட்டும். பதிவை இரவிலிருந்து மாற்றுங்கள். சனி, ஞாயிறு காலையில் மகனைக் கணவர் மார்க்கெட்டுக்கோ கடற்கரைக்கோ கூட்டிப்போகட்டும். காலையில் தொண்டையும் தெளிவாக இருக்கும். அலமாரியில் துணி நிறையத் தொங்கினால் வெளிச்சத்தம் கொஞ்சம் அடங்கும், கதவில் ஒரு கனத்த போர்வையும் போடலாம். அப்படியும் மோட்டார் சைக்கிள் விழுந்தால் அந்த வரியை மறுபடி பேசுங்கள். இரைச்சலைக் கழிக்கிறேன் என்று மென்பொருளில் அளவுக்கு மீறிக் கழித்தால் குரலும் தகரமாகிவிடும்.

கணவருக்குப் புரியவைக்க நீங்கள் தனியாக எதுவும் பேச வேண்டியதில்லை. அந்த மூன்று இருமல்களை அவருக்கும் போட்டுக் காட்டுங்கள். திங்கட்கிழமைக்கு அரை நாள் லீவு கேளுங்கள். அவர் லீவு போட்டுத் தாயோடு வந்தால் உங்கள் வீட்டில் மதிப்பைப் பற்றிய பேச்சை அங்கிருந்து தொடங்கலாம். வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். அடுத்த பதிலை அவர் பெயருக்கே எழுதுகிறேன்.