கொருக்குப்பேட்டையில வினாடி வினா நடத்துறோம். பஸ்ஸருக்குப் பதிலா வச்ச ரெண்டு காலிங் பெல்லும் சேர்ந்து அடிக்குது, யார் முதல்?

பெல் இரண்டையும் ஓரமாக வையுங்கள். நடுவில் ஒரே ஒரு பிளாஸ்டிக் டம்ளர் போதும். முதலில் எடுத்தவர் பதில் சொல்லட்டும்.

வினாடி வினாவில் இரண்டு அணியும் "நாங்கதான் ஃபர்ஸ்ட்" என்று மல்லுக்கு நிற்கக் காரணம் பெரும்பாலும் இதுதான்: டிவியில் ஒருவர் பஸ்ஸரை அழுத்தியதும் மற்றவை பூட்டிக்கொள்ளும். காலிங் பெல்லில் அந்த ஏற்பாடு கிடையாது.

சந்தேகமென்றால் ஒரு பெல்லை அழுத்திப் பிடித்தபடியே மற்றதையும் அழுத்திப் பாருங்கள். இரண்டும் அடித்தால் விஷயம் அதேதான்.

டம்ளர் இரு பக்கமும் சம தூரத்தில் இருக்கட்டும். கேள்வி முடியும்வரை கை காது மடலில். எவர்சில்வர் வேண்டாம், விளிம்பு விரலைக் கிழிக்கலாம்.

அப்புறம், கொருக்குப்பேட்டை என்கிறீர்கள். சரக்கு ரயில் போகும்போது கேள்வி படிக்காதீர்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் மாடியில் பாதிச் சண்டை அதனால்தான்.