கதவுக்குப் பின்னாடி நிக்காதீங்கம்மா

கேள்வி: 2020 லாக்டவுன்ல என் பொண்ணுக்கு 15 வயசு. சரியா தூங்கல, யார்கிட்டயும் பேசல, அதனால ஒரு மனநல டாக்டர வீடியோ கால்ல பாத்தோம். கொஞ்ச நேரத்துல "அம்மா நீங்க வெளிய இருங்க"ன்னுட்டாங்க. அவ என்ன சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லல. பீஸ் கட்டுன எங்களுக்கு தெரியக்கூடாதா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்க ஆதங்கம் புரியுதுங்க, ஆனா அந்த டாக்டர் செஞ்சது சரிதான். ஊரடங்கு ஆரம்பிச்ச அதே 2020 மார்ச் 25 தேதி போட்டு வந்த டெலிமெடிசின் (போன், வீடியோ கால் வழியா வைத்தியம்) விதிமுறைல, நோயாளி மைனரா இருந்தா அவங்களோட ஒரு பெரியவங்க இருக்கணும்னு இருந்துச்சு. 2017 மனநலச் சட்டமோ நோயாளி சொல்றத ரகசியமா வெச்சுக்கணும்னு சொல்லுது. ரெண்டுக்கும் நடுவுல மாட்டுனது எங்கள மாதிரி மனநல டாக்டருங்கதான். கிளினிக்ல கதவ நாங்க சாத்துவோம், உங்க வீட்டுல ஹால்ல தாத்தா டிவி பாக்குறாரு, தம்பி ஆன்லைன் கிளாஸ்ல இருக்கான், கேமராவுக்கு அந்தப்பக்கம் யாரு நிக்கறாங்கன்னே எங்களுக்கு தெரியாது. அதனால இயர்போன் மாட்ட சொல்லிட்டு "ஆமா, இல்ல"ன்னு மட்டும் பதில் வர்ற மாதிரி கேள்வி கேப்போம், சில புள்ளைங்க பதில சாட்ல டைப் பண்ணுவாங்க, சிலர் மொட்டை மாடிக்கு போயிடுவாங்க. சில வீட்டுல புள்ளைய அடிக்கிறவரே பக்கத்து ரூம்ல இருப்பாரு, அப்ப தப்பான கேள்வி ஒண்ணு கேட்டாலே கால் முடிஞ்சதும் அந்தப் புள்ளைக்குத்தான் ஆபத்து.

ரகசியத்துக்கும் எல்லை இருக்கு. உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா பெத்தவங்கள கூப்பிட்டு சொல்லியே ஆகணும். பாலியல் கொடுமைன்னா 2012 போக்சோ சட்டப்படி (குழந்தைங்கள பாலியல் குற்றத்துலேருந்து காக்குற சட்டம்) போலீஸுக்கு தெரிவிக்கணும், மறைச்சா டாக்டர் மேலயே கேஸ் வரும். இத முதல் கால்லயே உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லியிருக்கணும், சொல்லலன்னா அது அவங்க பக்க குறைதான். மத்தபடி அவகிட்ட "டாக்டர்கிட்ட என்ன சொன்ன"ன்னு துருவாதீங்க, அவளா சொல்லட்டும்.

கேள்வி: ஏடிஹெச்டி (கவனக்குறைவு, அதீத துறுதுறுப்பு) மாத்திரைய லாக்டவுன் அப்ப போன்லயே எழுதித்தர மாட்டேன்னாரே டாக்டர், ஏன்?
– ஓர் அப்பா, ஓசூர்

பதில்: அது மீத்தைல்ஃபெனிடேட்டா இருந்திருக்கும். அது ஷெட்யூல் எக்ஸ், அதாவது கடுமையான கட்டுப்பாடு உள்ள மருந்து, மேல சொன்ன அதே டெலிமெடிசின் விதிமுறைல போன்ல, வீடியோ கால்ல எழுதக்கூடாத லிஸ்ட்ல இருந்துச்சு. தப்பான கைக்கு போகக்கூடாதுன்னு போட்ட விதி, தப்பில்ல. ஆனா பஸ்ஸே ஓடாத நேரத்துல, நேர்ல வந்தாதான் சீட்டுன்னா தள்ளி இருக்கற ஊர்க்காரங்க என்ன பண்ணுவாங்கன்னு யாராவது யோசிச்சிருக்கணும்.